ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுப்போம்: இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும் ஆணையர்களுக்கும்,

வணக்கம். நான் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் சேர்ந்த வருடம் தொடங்கி ஓய்வு பெறும் வரை, தேர்தல் என்று வந்தால் எனக்கும் ஒரு பணி ஆணை வரும். சாவடியில் இருந்திருக்கிறேன், எண்ணும் மேஜையிலும் இருந்திருக்கிறேன். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால் எண்ணும் மேஜைதான் என்பேன். சாவடியில் ஏதாவது கோளாறு என்றால் நின்று யோசிக்க நேரம் கிடைக்கும். எண்ணும் மேஜையில் அது கிடைக்காது. பின்னாலிருந்து யாராவது ஒருவர் "இன்னுமா முடியல?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல்.

2011 அக்டோபர் 21. ஊரக உள்ளாட்சித் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. அது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு, உங்களுடையது அல்ல என்பது தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் மேஜையும் மனிதர்களும் எங்கும் ஒன்றுதான். சீட்டுகளை நிறம் பிரித்து, சின்னம் பிரித்து, ஐம்பது ஐம்பதாக ரப்பர் பேண்டு போட்டு அந்தந்த வேட்பாளருக்கான தட்டில் அடுக்க வேண்டும். எங்கள் மேஜையில் ஒரு சிற்றூரின் ஊராட்சித் தலைவர் பதவிக்கான சீட்டுகள். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி. ஒருவருக்கு 812, அடுத்தவருக்கு 781 என்று வந்தது. 31 வாக்கு வித்தியாசம். தாளில் எழுதியாகிவிட்டது. மணி இரவு எட்டைத் தாண்டிவிட்டது. அடுத்த ஊராட்சியின் பெட்டிகள் வாசலில் காத்திருந்தன. மேலிருந்து ஓர் அலுவலர் இரண்டாவது முறையாக வந்து, "சார், மைக்ல சொல்லிட்டு அடுத்ததைத் தொடங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோற்றவராக இருந்த அம்மாளின் மகன்தான் அவருக்கு முகவர். கல்லூரியில் படிக்கிற பையன். காலையிலிருந்து ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தான். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று, "ஐயா, எங்க கணக்குல ஒரு கட்டு குறையுது" என்றான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எரிச்சல்தான் வந்தது. தோற்கிறவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்தேன். கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்துவிட்டேன். அவன் சத்தம் போட்டிருந்தால் போட்டிருப்பேன். அவன் சத்தம் போடவில்லை. நோட்டைத் திருப்பிக் காட்டினான். அவ்வளவுதான்.

எல்லாக் கட்டையும் மறுபடி பிரித்தோம். ஒரு கட்டு தட்டு மாறிக் கிடந்தது. வேண்டுமென்று யாரும் செய்ததில்லை. காலை ஆறு மணிக்கு வந்து, மதியம் பொட்டலச் சோறு சாப்பிட்டு, பதினான்கு மணி நேரமாகக் கண்ணையும் விரலையும் நம்பி உட்கார்ந்திருந்த ஒரு பணியாளரின் கை, அடுத்த தட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிருக்கிறது. ஐம்பது சீட்டு ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாறினால் வித்தியாசத்தில் நூறு மாறும். 812 என்பது 762 ஆனது. 781 என்பது 831 ஆனது. அந்த அம்மாள் 69 வாக்கில் ஜெயித்தார். இதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட நேரம் நாற்பது நிமிடம்.

அந்த நாற்பது நிமிடத்தைக் கொடுக்காமல் நான் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு பையன் நீதிமன்றப் படி ஏறியிருப்பான். அல்லது ஏற வசதியில்லாமல் வீட்டுக்குப் போயிருப்பான். இத்தனை வருடம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இயந்திரம் வந்த பிறகு இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்தது. அதற்காக ஆணையத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்றபோது வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சடித்தார்கள். அதையும் மனிதர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்தபோது எங்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பது எண்ணியவர்களுக்குத்தான் தெரியும். செல்லாத வாக்கு என்று சண்டை இல்லை, கட்டு மாறுகிற பயம் இல்லை. ஆனால் அதோடு இன்னொன்றும் வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குள் யார் ஆட்சி என்று தெரிந்துவிட வேண்டும் என்கிற பழக்கம். காலை எட்டு மணிக்கு எண்ணத் தொடங்குகிறோம், எட்டேகாலுக்குத் தொலைக்காட்சியில் "முன்னிலை" ஓடுகிறது. முதல் இயந்திரத்தின் முத்திரையைக்கூட அப்போது உடைத்திருக்க மாட்டோம்.

யோசித்துப் பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு வாக்களித்தது ஏப்ரல் 19. எண்ணியது ஜூன் 4. நடுவில் 46 நாள் எங்கள் வாக்குகள் ஸ்ட்ராங் ரூமில் இருந்தன. 2019-இல் ஏப்ரல் 18 முதல் மே 23 வரை 35 நாள். 2021 சட்டமன்றத் தேர்தலில் ஏப்ரல் 6 முதல் மே 2 வரை 26 நாள். பல கட்டத் தேர்தல், பாதுகாப்புப் படைகள் இடம் மாற வேண்டும், மற்ற மாநிலங்களின் வாக்காளர்களை எங்கள் முடிவு பாதிக்கக் கூடாது என்று காரணம் சொன்னீர்கள். நியாயமான காரணங்கள். மக்கள் பொறுத்துக்கொண்டார்கள், ஒரு கல் விழவில்லை. இப்படி மாதக்கணக்கில் காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு, எண்ணும் நாளில் மட்டும் அரை நாள் கூடக் காத்திருக்க முடியாது என்று யார் முடிவு செய்தது? ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நாங்கள் ஆறவும் பொறுப்போம். நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

எங்கள் மாவட்டத்து ராதாபுரம் தொகுதி உங்களுக்கு நினைவிருக்கும். 2016 சட்டமன்றத் தேர்தல். அ.தி.மு.க.வின் இன்பதுரைக்கு 69,590. தி.மு.க.வின் அப்பாவுவுக்கு 69,541. வித்தியாசம் 49. நிராகரிக்கப்பட்டவற்றில் 203 தபால் வாக்குகள் இருந்தன. அவற்றின் உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் இட்டவர் பள்ளித் தலைமையாசிரியர், அவருக்கு அந்தத் தகுதி உண்டா இல்லையா என்பதுதான் பிரச்சினை. நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்து பச்சை மையில் கையெழுத்துப் போட்டவன் என்பதால் இந்த வழக்கை ஆரம்பத்திலிருந்தே கவனித்து வந்தேன். கேள்வி சின்னது. எண்ணும் அறையிலேயே, அன்று மாலையே, சட்ட விதியை எடுத்து வைத்துப் பேசித் தீர்த்திருக்கக்கூடிய கேள்வி.

அது தீராமல் போனதால் என்ன நடந்தது? சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்று இயந்திர வாக்குகளையும் மறுபடி எண்ணச் சொன்னது 2019 அக்டோபரில். தேர்தல் முடிந்து மூன்று வருடத்துக்கு மேல். நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடியும் வரை அந்த மறு எண்ணிக்கையின் முடிவு வெளியே வரவே இல்லை. யார் ஜெயித்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை, எனக்கு அது பொருட்டும் இல்லை. ராதாபுரத்து வாக்காளர் ஒருவர், தன் உறுப்பினர் உண்மையில் தன் ஊர் தேர்ந்தெடுத்தவர்தானா என்கிற சந்தேகத்தோடு ஐந்து வருடம் இருந்தாரே, அதுதான் எனக்குப் பொருட்டு.

இங்கே சட்டத்தின் அமைப்பை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். முடிவை அறிவிக்கும் நொடி வரை தவறைத் திருத்தும் அதிகாரம் தேர்தல் நடத்தும் அலுவலரின் கையில் இருக்கிறது. அறிவித்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டால், அப்புறம் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு ஒன்றுதான் வழி. 45 நாளுக்குள் போட வேண்டும். ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அப்படி முடிந்த வழக்கை நான் பார்த்ததில்லை. அதாவது அறிவிப்புக்கு முன்னால் ஒரு மணி நேரத்தில் சரியாகிற தவறு, அறிவிப்புக்குப் பின்னால் வருடக்கணக்கில் இழுக்கும். அப்படியிருக்க, அந்த அறிவிப்புக்கு முந்தைய நேரத்தைத்தானே நாம் தாராளமாகச் செலவழிக்க வேண்டும்? இப்போது அதைத்தான் மிகவும் சிக்கனமாகப் பிடிக்கிறோம். கடைசிச் சுற்று முடிந்து மொத்தக் கணக்கைப் படித்த பிறகு, யாராவது மறு எண்ணிக்கை கேட்கிறார்களா என்று பார்க்கத் தேர்தல் நடத்தும் அலுவலர் சற்று நிறுத்த வேண்டும். உங்கள் கையேடு அதற்குச் சொல்லும் நேரம் ஓரிரு நிமிடம். மறு எண்ணிக்கை கேட்பவர் காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதக் கூடுதல் நேரம் கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் கேட்கலாம் என்பது சுயேச்சை வேட்பாளரின் முகவராக வந்த ஒரு டீக்கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அந்த ஓரிரு நிமிடத்தை ஒரு மணி நேரமாக ஆக்குங்கள். வித்தியாசம் ஆயிரத்துக்குக் கீழே என்றால் இரண்டு மணி நேரம். மொத்தக் கணக்கை எல்லா முகவருக்கும் தாளில் கொடுத்துவிட்டு, "பாருங்கள், கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்று மைக்கில் சொல்ல வையுங்கள்.

சின்ன வித்தியாசம் எப்போதோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா சட்டமன்றத் தொகுதியில் காங்கிரஸின் சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். 62,216-க்கு 62,215. 2021-இல் சென்னை தியாகராய நகர் 137 வாக்கு, மொடக்குறிச்சி 281, தென்காசி 370. 2024-இல் மும்பை வடமேற்கு மக்களவைத் தொகுதியே 48 வாக்கில் முடிந்தது. பல லட்சம் பேர் வாக்களித்த தொகுதி அது.

இதில் ஒரு விஷயம் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. விவிபேட் தாள்களை, அதாவது வாக்களித்ததும் அச்சாகிக் காட்டப்படும் சீட்டுகளை, எண்ணிச் சரிபார்ப்பது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சாவடி என்றிருந்ததை ஐந்தாக உயர்த்தியது. எதிர்க்கட்சிகள் பாதி இயந்திரங்களைக் கேட்டபோது, முடிவு வர ஆறு நாள் தாமதமாகும் என்று ஆணையம் சொன்னது. 2024 ஏப்ரலில் நூறு சதவீதச் சரிபார்ப்பும் மறுக்கப்பட்டது. தீர்ப்பை மதிக்கிறேன். எல்லாத் தாளையும் எண்ணுங்கள் என்று நானும் கேட்கவில்லை. எனக்குப் புரியாதது, ஜெயித்த வித்தியாசம் எவ்வளவாக இருந்தாலும் அதே ஐந்து என்பது. 2024-இல் திருவள்ளூரில் வித்தியாசம் 5.72 லட்சம். மும்பை வடமேற்கில் 48. இரண்டு இடத்திலும் ஒரு சட்டமன்றப் பகுதிக்கு அதே ஐந்து சாவடிகள். பள்ளிக்கூடத்தில் 90 மதிப்பெண் வாங்கியவன் தாளை நாங்கள் மறுபடி பார்ப்பதில்லை. 34 வாங்கியவன் தாளைப் பக்கம் பக்கமாகத் திருப்புவோம், ஒரு மதிப்பெண்ணில் ஒரு பிள்ளையின் வருடம் போகும் என்பதால். வித்தியாசம் குறையக் குறையச் சரிபார்க்கும் சாவடிகள் கூட வேண்டும். ஆயிரத்துக்குக் கீழே வந்தால் அந்தத் தொகுதியில் எல்லாத் தாளையும் எண்ணிவிடலாம். ஒரு மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்கப் பார்த்தாலும் இது விரல் விட்டு எண்ணக்கூடிய தொகுதிகளில்தான் வரும். அங்கே மட்டும் முடிவு இரண்டு நாள் கழித்து வரட்டுமே. இயந்திரம் சொல்வதற்கும் தாள் சொல்வதற்கும் முரண் வந்தால் தாளே செல்லும் என்று விதி ஏற்கெனவே இருக்கிறது. அந்த விதிக்கு வேலை கொடுக்கத்தான் கேட்கிறேன்.

ஆணையம் கேட்கவே கேட்காது என்று நான் சொல்ல மாட்டேன். தபால் வாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தபால் வாக்கு, அரை மணி கழித்து இயந்திரம் என்பது முறை. ஆனால் தபால் வாக்கு ஒரு பக்கம் நகர, இயந்திரச் சுற்றுகள் இன்னொரு பக்கம் ஓடி முடிந்துவிடும். முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டிலிருந்தே வாக்களிக்கத் தொடங்கிய பிறகு தபால் வாக்குகள் கூடின, குழப்பமும் கூடியது. 2025 செப்டம்பரில், தபால் வாக்குகளை எண்ணி முடிக்காமல் இயந்திரங்களின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது என்று உத்தரவிட்டீர்கள். அதற்கும் முன்பே, நிராகரித்த தபால் வாக்குகளைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால் அவை அனைத்தையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று ஆக்கினீர்கள். இரண்டும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தன. இரண்டும் நேரம் எடுப்பவை. இரண்டையும் எந்த வாக்காளரும் குறை சொல்லவில்லை.

தாமதமானால் வதந்தி வரும் என்று உங்கள் தரப்பில் சொல்வீர்கள். சரிதான். மூடிய கதவுக்குப் பின்னால் எண்ணிக்கை நின்றுபோனால் வெளியே நிற்கும் கூட்டம் எதை வேண்டுமானாலும் நினைக்கும். நானே அந்தக் கூட்டத்தின் இரைச்சலை உள்ளிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து வேகம் என்று எனக்குத் தோன்றவில்லை. "ஒன்பதாம் மேஜையில் ஓர் இயந்திரத்தின் எண்ணிக்கையும் சாவடியில் பதிவான வாக்குகளைக் குறித்த 17சி படிவத்தில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை, அதைத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம்" என்று அப்போதே மைக்கில் சொன்னால் கூட்டம் அமைதியாகிவிடும். 2024-இல் முதல் கட்ட வாக்குப்பதிவு சதவீதம் முழுமையாக வெளிவர ஏப்ரல் 30 ஆனது. பதினோரு நாள். அந்த நாட்களில் எழுந்த பேச்சு, தாமதத்தால் வந்ததைவிட மௌனத்தால் வந்தது அதிகம். அதனால் இன்னொன்றும் கேட்கிறேன். ஒவ்வொரு மேஜையிலும் முகவர்கள் கையெழுத்திட்ட 17சி படிவத்தின் இரண்டாம் பகுதியை, அதாவது எண்ணிக்கை முடிவு எழுதிய பக்கத்தை, சாவடி வாரியாகப் படம் எடுத்து அன்றிரவே இணையத்தில் போடுங்கள். என் சாவடியில் எத்தனை பேர் வாக்களித்தார்கள், எத்தனை எண்ணப்பட்டன என்று நானே உட்கார்ந்து கூட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 21 அதிபர் தேர்தல், காகிதச் சீட்டு, கையால் எண்ணிக்கை. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. அந்த நாட்டு வரலாற்றிலேயே முதல் முறையாக இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ண வேண்டி வந்தது. என்ன செய்யப் போகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எண்ணினார்கள். மறுநாள் மாலை முடிவு. நாடு காத்திருந்தது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதியைச் சொல்லும் சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஆயிரத்து நூறு வருடம் பழையது. அது குலுக்கல் முறை, இன்றைய வாக்கெடுப்பு இல்லை. ஆனால் ஓலை எடுக்கும் விதத்தை எவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறார்கள்! ஊர்ச்சபை முழுவதும் கூடியிருக்க வேண்டும். குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் அறியாத சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் நடுவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். வாங்கியதை அவர் வாசிக்க, அங்குள்ள நம்பிமார் (கோயில் அர்ச்சகர்கள்) அனைவரும் மறுபடி வாசிக்க வேண்டும். விரலை விரிக்கச் சொன்னது, விரலிடுக்கில் இன்னொரு ஓலை இருக்கக் கூடாது என்பதற்காக. முப்பது குடும்புக்கும் (ஊரின் வார்டுகளுக்கும்) இப்படி ஒவ்வொன்றாக எடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நான் அந்தக் கோயில் சுவரின் முன்னால் நின்று யோசித்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, இது என் போன்ற பணியாளர்களுக்காக. விடியற்காலை வீட்டை விட்டுக் கிளம்பி வருகிறவர்களுக்கு மாலைக்கு மேல் கண் மங்கும், கணக்கு தப்பும். மாற்று ஆட்கள் வையுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பத்து நிமிடம் எழுந்து நிற்க விடுங்கள். நெருக்கமான தொகுதிகளின் கடைசிச் சுற்றுகள்தான் இரவில் நடக்கின்றன, களைத்த கைகள்தான் அவற்றைத் தொடுகின்றன.

2011-இல் 812-லிருந்து 762-க்கு இறங்கித் தோற்ற அம்மாளின் கணவரை, ஒரு மாதம் கழித்து ஒன்றிய அலுவலகப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். அன்று பூமாலையும் பட்டாசும் வாங்கி வைத்துக் காத்திருந்தவர் அவர். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அருகே வந்து, "சார், அந்தக் கட்டைப் பிரிச்சப்ப நானும் கூட நின்னு எண்ணினேன். அம்பதுதான் இருந்துச்சு" என்றார். அப்புறம் அவருடைய பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்